1865இல் விடுதலை, 1965இல் வாக்குரிமை: நடுவில் இருந்த நூறு வருடம்

வடகாற்று:

அமெரிக்க அடிமை முறை பற்றித் தமிழில் பேச்சு வந்தால் லிங்கன் விடுவித்தார் என்று சொல்லிவிட்டு நேராக மார்ட்டின் லூதர் கிங்குக்குப் போய்விடுகிறோம். நடுவில் நூறு வருடம் இருக்கிறது, மூன்று நான்கு தலைமுறை அதில் பிறந்து வாழ்ந்து செத்திருக்கிறது. அந்த நூறு வருடத்தைப் பற்றிப் பேசத்தான் இந்த இழை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி என்று தெற்கு மாநிலங்களில் இருந்த ஏற்பாடு அடிமை முறையின் மிச்சசொச்சமாகத் தானே ஒட்டிக்கொண்டிருந்த பழக்கம் இல்லை. சட்டசபையில் உட்கார்ந்து வரைவு எழுதி, வாக்கெடுத்து, ஒவ்வொரு செங்கல்லாகப் புதிதாகக் கட்டியது அது.

தொடக்கத்தைப் பாருங்கள். அடிமை முறையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியது. அதற்கு முன்பே நவம்பரில் மிசிசிப்பி சட்டசபை கறுப்பருக்கென்று ஒரு கட்டுச் சட்டங்களைப் போட்டுவிட்டது. ஒவ்வொரு ஜனவரியிலும் கறுப்பர் தனக்கு வேலை இருக்கிறது என்பதற்கு எழுத்தில் சான்று காட்ட வேண்டும். வருட ஒப்பந்தம் முடிவதற்குள் வேலையை விட்டால் அதுவரை உழைத்த கூலி முழுவதும் போச்சு. அப்படி விட்டுப் போகிறவரை யார் வேண்டுமானாலும் பிடித்து முதலாளியிடம் ஒப்படைக்கலாம், பிடித்தவருக்கு 5 டாலர், கூடவே மைலுக்கு 10 சென்ட், அந்தப் பணமும் பிடிபட்டவரின் கூலியிலிருந்தே கழிக்கப்படும். வேலையில்லாமல் திரிகிறார் என்று பிடித்தால் 50 டாலர் வரை அபராதம், ஐந்து நாளில் கட்ட முடியாவிட்டால் அபராதத்தைக் கட்டுகிறவரிடம் ஷெரீஃப் அவரை வேலைக்கு விட்டுவிடுவார். நகரத்துக்கு வெளியே கறுப்பர் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கவும் கூடாது. அதாவது விவசாயம் மட்டுமே தெரிந்த மனிதருக்குச் சொந்தமாக விவசாயம் செய்யும் வழி அடைபட்டது, பிறகு அவரிடமே வேலைச் சான்று எங்கே என்று கேட்கிறார்கள்.

அதே சட்டத்தில் இன்னொரு விதி. கறுப்பரோடு சரிசமமாகப் பழகும் வெள்ளையரும் திரிகிறவர் பட்டியலில்தான் வருவார், அவருக்கு அபராதம் 200 டாலர் வரை. பழக்கவழக்கம் அவ்வளவு கெட்டியாக இருந்திருந்தால் இந்த விதிக்குத் தேவையே இருந்திருக்காது.

கூட்டாட்சி அரசு 1866லும் 67லும் தலையிட்டு இந்தச் சட்டங்களை முடக்கியது, அது தனிக்கதை. ஆனால் இந்த மாதிரி வரைபடம் யார் மனதிலிருந்தும் போகவில்லை.

செங்கரும்பு:

நல்ல இழை. ஆனால் சட்டத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது சரியா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. இருநூறு வருடமாக ஒரு மக்களைச் சொத்தாக வைத்திருந்த சமூகம், உள்நாட்டுப் போரில் தோற்றதும் மனம் மாறிவிடுமா? வெறுப்பு ஏற்கெனவே இருந்தது, சட்டம் அதை எழுத்தில் கொண்டுவந்தது, அவ்வளவுதானே? மனம் மாறாமல் சட்டத்தை மாற்றி என்ன பயன் என்றுதானே நம் ஊரிலும் கேட்கிறார்கள்?

ரயில்பாதை:

செங்கரும்பு, வெறுப்பு இருந்ததை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வெறுப்பு ஒரு ரயில் பெட்டியைப் பிரிக்காது. பிரிக்கப் பணம் வேண்டும், யாரோ உத்தரவு போட வேண்டும்.

ரயிலில் தனிப் பெட்டி வேண்டும் என்று டென்னசி மாநிலம் 1881இல் சட்டம் போட்டது, ஃபுளோரிடா 1887இல், லூசியானா 1890இல். போர் முடிந்து இருபத்தைந்து வருடம் கழித்து! அதற்கு முன்பு ஊருக்கு ஊர், ரயிலுக்கு ரயில் வேறு வேறு மாதிரி இருந்தது. சில இடங்களில் அவமானப்படுத்தினார்கள், அடித்து இறக்கினார்கள், சில இடங்களில் ஒன்றாகவே உட்கார்ந்து போனார்கள். அந்த இரண்டாவது சாத்தியத்தை ஒழிக்கத்தான் சட்டம் வந்தது.

ரயில் கம்பெனிகளுக்கே இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. நல்லெண்ணம் காரணம் இல்லை, செலவு. நாலு பேர் ஏறினாலும் இன்னொரு பெட்டி கோத்து ஓட்ட வேண்டும். அதனால்தான் நியூ ஆர்லியன்ஸ் கறுப்பினக் குடிமக்கள் குழு இந்தச் சட்டத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டபோது ரயில் கம்பெனி ஒத்துழைத்தது. 1892 ஜூன் 7ஆம் தேதி ஹோமர் பிளெஸ்ஸி முதல் வகுப்பு டிக்கெட் வாங்கி வெள்ளையர் பெட்டியில் ஏறி உட்கார்ந்தார். செருப்புத் தொழிலாளி. எட்டில் ஏழு பங்கு வெள்ளையர் வம்சம், பார்த்தால் கறுப்பர் என்று யாரும் சொல்ல முடியாது, அவராகச் சொன்ன பிறகுதான் கைது செய்தார்கள். கைது செய்யும் துப்பறிவாளரைக்கூட அந்தக் குழுவே பணம் கொடுத்து ஏற்பாடு செய்திருந்தது, வழக்கு தாங்கள் நினைத்த பிரிவில் பதிவாக வேண்டும் என்பதற்காக.

1896 மே 18இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று. தீர்ப்பில் என்னை இன்றும் கொதிக்கவைக்கும் இடம் ஒன்று உண்டு. தனிப் பெட்டியைக் கறுப்பினத்தவர் இழிவாக எடுத்துக்கொண்டால் அது அவர்களாகக் கற்பித்துக்கொண்ட பொருள், சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை என்று நீதிபதி பிரவுன் எழுதினார். அடித்துவிட்டு, வலி உன் கற்பனை என்று சொல்வது.

எதிர்த்து எழுதிய ஒரே நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன். கென்டக்கியில் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். நமது அரசியல் சட்டம் நிறம் பார்க்காது என்று எழுதியவர் அவர்தான்.

லூசியானா சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது. மற்ற இனத்துக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா அந்தப் பெட்டியில் ஏறலாம். வெள்ளைக் குழந்தையை மடியில் வைத்திருக்கும் கறுப்பினப் பெண் அருகில் உட்கார்ந்தால் யாருக்கும் தீட்டு இல்லை. அதே பெண் அடுத்த நாள் தன் குழந்தையோடு தனியாக டிக்கெட் எடுத்து வந்தால் குற்றம். அருகில் இருப்பது பிரச்சினையாக இருந்திருந்தால் இந்த விதிவிலக்கு வந்திருக்காது, எந்த நிலையில் இருக்கிறார் என்பதுதான் பிரச்சினை.

கொள்ளிடம்:

ரயில் பெட்டி, குடிநீர்க் குழாய், பஸ் சீட் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிவது, படத்திலும் நன்றாக வரும். நிலத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கதையைப் பாதிதான் சொல்ல முடியும் என்பது என் கட்சி.

1865 ஜனவரியில் வடக்குப் படைத் தளபதி ஷெர்மன் ஒரு உத்தரவு போட்டார். தென் கரோலினா, ஜார்ஜியா, ஃபுளோரிடா கடற்கரையில் முதலாளிகள் விட்டு ஓடிய நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை விடுதலையானவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள், விதைத்தார்கள். ஏப்ரலில் லிங்கன் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஆண்ட்ரூ ஜான்சன் பழைய முதலாளிகளுக்கு மன்னிப்பு கொடுத்து, நிலத்தையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அந்த அக்டோபரில் தளபதி ஹோவர்டை எடிஸ்டோ தீவுக்கு அனுப்பி, அங்கே ஒரு தேவாலயத்தில் கூடியிருந்த மக்களிடம் நேரில் சொல்லவைத்தார்கள், இந்த நிலம் உங்களுடையது இல்லை என்று. அந்த மக்கள் தங்களுக்குள் ஒரு குழு அமைத்து மனு எழுதினார்கள். எங்களை மரத்தில் கட்டி அடித்தவரை எங்களால் மன்னிக்க முடியாது, அவரிடமே போய் நிலத்துக்குக் கையேந்தி நிற்கச் சொல்கிறீர்களே என்பதுதான் அதன் சாரம். மனு எடுபடவில்லை.

நிலம் கையை விட்டுப் போனதும் மிச்சமிருந்த ஒரே வழி வாரத்துக்கு உழுவது. நிலம், கோவேறு கழுதை, விதை எல்லாம் முதலாளியுடையது, விளைச்சலில் பாதி அவருக்கு. அறுப்பு வரைக்கும் சாப்பாட்டுக்கு முதலாளியின் கடையிலோ அவர் கைகாட்டும் கடையிலோ கடனாக வாங்க வேண்டும், கடன் விலை எப்போதும் ரொக்க விலையைவிட அதிகம், மேலே வட்டி. கணக்கு நோட்டு முதலாளியிடம். வருடக் கடைசியில் பருத்தியை அவரே எடை போட்டு, அவரே விற்று, அவரே கழித்து, இன்னும் இவ்வளவு பாக்கி என்பார். கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்டால்?

கேட்டார்கள். ஆர்கன்சாவில் எலைன் என்ற ஊர்ப் பக்கம் 1919இல் வாரச் சாகுபடிக்காரர்கள் சங்கம் சேர்த்து, வக்கீல் வைத்துச் சரியான கணக்கும் நியாயமான பருத்தி விலையும் கேட்க முடிவு செய்தார்கள். செப்டம்பர் 30 இரவு ஹூப் ஸ்பர் தேவாலயத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, ஒரு வெள்ளையர் இறந்தார். அடுத்த சில நாட்களில் வெள்ளையர் கும்பல்கள் சுற்றுவட்டாரம் முழுவதும் கறுப்பரை வேட்டையாடின, ராணுவமும் வந்தது. நூற்றுக்கு மேல் கறுப்பர் செத்திருப்பார்கள் என்பதுதான் பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. ஆனால் கொலைக் குற்றத்தில் மரண தண்டனை விதிக்கப்பட்ட 12 பேரும் கறுப்பர். அந்த வழக்கு 1923இல் உச்ச நீதிமன்றம் போய், கும்பலின் மிரட்டலுக்கு நடுவே நடந்த விசாரணை விசாரணையே ஆகாது என்று தீர்ப்பு வாங்கியது. பன்னிரண்டு பேரும் கடைசியில் தூக்கிலிருந்து தப்பினார்கள்.

கடன் நோட்டைக் காட்டு என்று கேட்டதற்கு இது.

மஞ்சணத்தி:

கொள்ளிடம் அண்ணா சொன்னதோடு சிறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

13ஆவது திருத்தத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, குற்றத்துக்குத் தண்டனையாக மட்டும் கட்டாய உழைப்பு செல்லும். இந்தச் சின்ன இடுக்கு போதுமாக இருந்தது. மிசிசிப்பி 1876இல் திருட்டுச் சட்டத்தை மாற்றி, எந்தப் பன்றியையோ மாட்டையோ திருடினாலும் பெருந்திருட்டு என்று ஐந்து வருடம் வரை சிறை என்றது. சிறையில் அடைத்தவர்களைச் சுரங்கத்துக்கும் ரயில் பாதைக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் மாநிலமே வாடகைக்கு விட்டது. 1898இல் அலபாமா மாநிலத்தின் வருமானத்தில் முக்கால் பங்கு அளவுக்குக் கைதி வாடகையிலிருந்து வந்தது என்று கணக்கு இருக்கிறது. அரசாங்கமே இப்படிச் சம்பாதித்தால் ஷெரீஃப் எதற்குக் கைது செய்யாமல் இருப்பார்?

அடிமையை வைத்திருந்தவருக்கு அவன் செத்தால் போட்ட முதல் போகும். வாடகைக் கைதி செத்தால் இன்னொருவனை அனுப்புவார்கள். அதனால் இந்த முறையில் சாவு விகிதம் பயங்கரமாக இருந்தது. டெக்சாஸில் சுகர்லேண்ட் என்ற ஊரில் 2018இல் பள்ளிக்கூடக் கட்டடம் கட்டத் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன, எல்லாம் இப்படிக் கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கப்பட்ட கைதிகள் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள். அதில் பதினான்கு வயதுப் பையனும் இருக்கலாம் என்கிறார்கள்.

அலபாமா இதை நிறுத்தியது 1928இல். 28. அதற்குள் அங்கே ரேடியோவும் காரும் வந்துவிட்டன.

செங்கரும்பு:

படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. சரி, ஒரு கேள்வி. 1870இல் 15ஆவது திருத்தம் கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கொடுத்துவிட்டது. மிசிசிப்பியிலும் தென் கரோலினாவிலும் மக்கள் தொகையில் கறுப்பர்தான் பாதிக்கு மேல். பிறகு எப்படி இந்தச் சட்டங்கள் எல்லாம் நிறைவேறின? வாக்கால் தடுத்திருக்கலாமே?

வடகாற்று:

தடுத்தார்கள், பத்து வருடம் போல. அதைத்தான் நம் பாடப் புத்தகங்கள் சொல்வதே இல்லை. 1867க்குப் பிறகு தெற்கில் சுமார் 2,000 கறுப்பர் பதவிகளில் இருந்தார்கள், ஊர்ப் பள்ளிக்குழு உறுப்பினரிலிருந்து செனட்டர் வரை. 1870இல் மிசிசிப்பியிலிருந்து ஹைரம் ரெவல்ஸ் செனட்டுக்குப் போனார். தெற்கில் பல மாநிலங்களில் பொதுப் பள்ளிக்கூடம் என்ற ஒன்று ஒழுங்காக வந்ததே இந்த அரசுகளின் காலத்தில்தான், அதில் ஏழை வெள்ளையர் பிள்ளைகளும் படித்தார்கள்.

அதை உடைத்தது முதலில் துப்பாக்கி. 1873 ஈஸ்டர் ஞாயிறு, லூசியானாவில் கோல்ஃபாக்ஸ் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பரைச் சுற்றி வளைத்துக் கொன்றார்கள், சரணடைந்தவர்களையும் சேர்த்து. செத்தவர்கள் 60லிருந்து 150 வரை என்று பல கணக்குகள். தண்டனை பெற்ற மிகச் சிலரையும் 1876இல் உச்ச நீதிமன்றம் விட்டுவிட்டது. எல்லோருக்கும் சமமான சட்டப் பாதுகாப்பு தரும் 14ஆவது திருத்தம் மாநிலங்களைத்தான் கட்டுப்படுத்தும், தனி ஆட்கள் செய்வதை இல்லை என்று காரணம் சொன்னார்கள். அடுத்த வருடம், 1877இல், ஒரு ஜனாதிபதித் தேர்தல் இழுபறியைத் தீர்க்கும் பேரத்தில் தெற்கின் சட்டசபை வாசல்களைக் காத்த கூட்டாட்சிப் படை விலகியது. அதோடு தெற்கு கறுப்பருக்கு இருந்த பாதுகாப்பும் போனது.

துப்பாக்கி செய்ததைப் பேனா நிரந்தரமாக்கியது. 15ஆவது திருத்தம் இருப்பதால் கறுப்பர் வாக்களிக்கக் கூடாது என்று வெளிப்படையாக எழுத முடியாது. அதனால் மிசிசிப்பி 1890இல் புது அரசியல் சட்டம் போட்டு, வாக்களிக்க 2 டாலர் வரி, சட்டப் பிரிவு ஒன்றை வாசிக்க வேண்டும் அல்லது கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும் என்றது. எந்தப் பிரிவு என்று தேர்வு செய்வதும், பதில் சரியா என்று முடிவு செய்வதும் வெள்ளை அதிகாரி. லூசியானா 1898இல் இன்னும் ஒரு படி மேலே போனது, 1867க்கு முன் உன் அப்பாவோ தாத்தாவோ வாக்களிக்கும் தகுதியோடு இருந்தால் உனக்குத் தேர்வு கிடையாது. 1867க்கு முன் லூசியானாவில் எந்தக் கறுப்பருக்கு வாக்கு இருந்தது?

பலனைப் பாருங்கள். லூசியானாவில் 1896இல் பதிவான கறுப்பின வாக்காளர்கள் 1,30,334. 1900இல் 5,320. 1904இல் 1,342. எட்டு வருடத்தில் நூற்றுக்கு ஒருவர்தான் மிச்சம். இந்த எண்ணிக்கையை நான் முதலில் பார்த்த நாளிலிருந்து, மனம் மாறினால்தான் எல்லாம் மாறும் என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை. அந்த எட்டு வருடத்தில் யார் மனம் எப்படி மாறியது? மாறியது சட்டம்.

இன்னொன்று, வாக்கு போனதும் மற்றதெல்லாம் அடுத்தடுத்துப் போனது. வாக்காளர் பட்டியலிலிருந்துதான் ஜூரி எடுப்பார்கள், ஆக ஜூரியும் முழுக்க வெள்ளை. ஷெரீஃப், நீதிபதி, பள்ளி வாரியம் எல்லாம் தேர்தல் பதவிகள். 1877க்கும் 1950க்கும் இடையில் தெற்கில் 4,000க்கு மேல் கும்பல் கொலைகள் ஆவணமாகியிருக்கின்றன, தண்டனை கிட்டத்தட்ட இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பதில் அந்த 1,342க்குள்ளேயே இருக்கிறது.

தூரதேசி:

சியாட்டில் பக்கம் இருக்கிறேன். தெற்கை மட்டும் குற்றம் சொல்லி வடக்கும் மேற்கும் தப்பிக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இங்கே பழைய வீடு வாங்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் பத்திரத்தைப் படிப்பதில்லை, நான் வாங்கும்போது பழைய ஆவணங்களையும் சேர்த்துப் படித்தேன். 1920களிலும் 30களிலும் இந்த வட்டாரத்து மனைகளில் எழுதிய நிபந்தனை அதில் அப்படியே இருக்கிறது. ஆசிய, ஆப்பிரிக்க, நீக்ரோ ரத்தம் உள்ள யாரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலைக்காரர் தவிர. மறுபடியும் அதே விதிவிலக்கு, ரயில்பாதை சொன்ன ஆயா மாதிரியே. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன், என் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

எப்படி வந்தது இது? 1917இல் உச்ச நீதிமன்றம், நகராட்சி சட்டம் போட்டு இனவாரியாகத் தெருவைப் பிரிக்கக் கூடாது என்றது. உடனே அதையே தனியார் பத்திரத்தில் எழுதத் தொடங்கினார்கள். 1948 வரை நீதிமன்றங்கள் அந்த நிபந்தனைகளை அமல்படுத்தின. இதில் பெரிய கை கூட்டாட்சி அரசுடையது. 1934இல் வந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது, அதனால்தான் சாதாரணத் தொழிலாளிகூடக் கொஞ்சம் முன்பணம் கட்டி முப்பது வருடத் தவணையில் வீடு வாங்க முடிந்தது. ஆனால் அந்த நிர்வாகத்தின் 1938ஆம் வருட விதிப் புத்தகமே இனக் கட்டுப்பாட்டு நிபந்தனைகளைப் பரிந்துரைத்தது. டெட்ராய்ட்டில் 1941இல் ஒரு கட்டுமான முதலாளி கறுப்பர் குடியிருப்புக்குப் பக்கத்தில் வெள்ளையருக்கு வீடு கட்ட வந்தபோது, நடுவில் ஆறடி உயரத்துக்கு, அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பிய பிறகுதான் உத்தரவாதம் கிடைத்தது. அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது.

நடைமுறைவாசி:

எல்லாவற்றையும் படித்தேன், கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் 1964இல் குடிமை உரிமைகள் சட்டம், 65இல் வாக்குரிமைச் சட்டம், 68இல் வீட்டுவசதிச் சட்டம் எல்லாம் வந்து அறுபது வருடம் ஆகிறது. இத்தாலியர், யூதர், ஐரிஷ்காரர் எல்லாம் வெறுங்கையோடுதான் வந்தார்கள், அவர்களையும் கேவலமாகத்தான் நடத்தினார்கள். நம் ஆட்களும் இரண்டு பெட்டியோடு போய் இன்று நன்றாக இருக்கிறார்கள். இன்னும் எத்தனை வருடம் பழைய சட்டத்தையே காரணம் காட்டுவது?

தூரதேசி:

இதற்கு நானே பதில் சொல்கிறேன், ஏனென்றால் அந்த இரண்டு பெட்டியோடு வந்தவர்களில் நானும் ஒருவன்.

நாம் எப்படி வந்தோம்? 1923இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் வழக்கில், இந்தியர் வெள்ளையர் இல்லை, ஆகவே குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்பே குடியுரிமை வாங்கியிருந்த பல இந்தியர்களிடமிருந்தும் பறித்தார்கள். 1946இல் கதவு கொஞ்சம் திறந்தது, வருடத்துக்கு 100 இந்தியர். முழுசாகத் திறந்தது 1965 அக்டோபர் குடியேற்றச் சட்டத்தில், அதாவது வாக்குரிமைச் சட்டம் வந்து இரண்டே மாதத்தில், அதே காங்கிரஸ், அதே ஜனாதிபதி. இனத்தைப் பார்த்துச் சட்டம் போடுவது அசிங்கம் என்று அந்த நாட்டை ஒத்துக்கொள்ளவைத்தவர்கள் அலபாமா தெருக்களில் நாய்க்கடியும் தடியடியும் வாங்கியவர்கள். அந்தக் கதவு வழியாக, படித்தவர்களையும் தொழில் தெரிந்தவர்களையும் பொறுக்கியெடுத்து உள்ளே விட்டார்கள். பொறியியல் பட்டத்தோடு வந்திறங்கிய என்னை, பாட்டன் பூட்டன் கூலியைக் கைதி வாடகையிலும் கடை நோட்டிலும் பறிகொடுத்த குடும்பத்தோடு ஒப்பிட எனக்கு மனசு வரவில்லை.

இத்தாலியர், யூதர் பற்றி. அவர்களும் அவமானப்பட்டார்கள், சரி. ஆனால் 1935இல் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விலக்கி வைத்தார்கள், கறுப்பினத் தொழிலாளர்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வேலையில்தான் இருந்தார்கள். போரிலிருந்து திரும்பிய வீரர்களுக்குச் சலுகைக் கடன் வந்தபோது, மிசிசிப்பியின் 13 நகரங்களில் 1947இல் எடுத்த கணக்கில் 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தது 2. அதே போரில் சண்டையிட்டவர்கள். அந்தக் கடனில் வாங்கிய வீடுதான் அடுத்த தலைமுறையின் கல்லூரிக் கட்டணம், அதற்கடுத்த தலைமுறையின் முன்பணம். 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில் சொத்து வரிசையில் நடுவில் நிற்கும் வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்தினுடையது 45,000க்குச் சற்றுக் குறைவு. சட்டம் 68இல் மாறியது, சொத்து கை மாறவில்லையே.

நடைமுறைவாசி:

சொத்துக் கணக்கை ஏற்கிறேன். அதற்கு இன்றைய வரிப்பணத்தில் ஈடு செய்ய வேண்டும் என்ற முடிவுக்கு என்னால் வர முடியவில்லை. அங்கே நாம் ஒத்துப்போக மாட்டோம்.

பொன்னி:

நான் ஆசிரியை, அதனால் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறெதிலும் என் கண் போகவில்லை.

பள்ளிகளில் இனவாரியாகப் பிரிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 பிரவுன் தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். அதில் சேர்த்து விசாரித்த ஐந்து வழக்குகளில் ஒன்று தென் கரோலினாவில் கிளாரண்டன் மாவட்டத்திலிருந்து வந்தது. அது எப்படித் தொடங்கியது தெரியுமா, ஒரு பஸ் கேட்டு. வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பஸ், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை, பல மைல் நடந்து வந்தார்கள். வெள்ளைப் பிள்ளைக்கு வருடத்துக்கு 179 டாலர் செலவு, கறுப்புப் பிள்ளைக்கு 43. தனியாக ஆனால் சமமாக என்று 1896இல் சொன்னார்களே, அந்தச் சமத்தின் லட்சணம் இது. மனுவில் கையெழுத்துப் போட்ட ஹாரி பிரிக்ஸ் பெட்ரோல் பங்கில் வேலை பார்த்தவர், வேலை போனது. ஓட்டலில் வேலை பார்த்த அவர் மனைவிக்கும் போனது. முன்னின்று நடத்திய பாதிரியார் டிலேனின் தேவாலயத்தைக் கொளுத்தினார்கள்.

வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்டு மாவட்டம் இன்னும் மோசம். சேர்ந்து படிக்கவைக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும் 1959இல் அரசுப் பள்ளிகளையே இழுத்து மூடிவிட்டார்கள். ஐந்து வருடம்! வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி திறந்து மானியமும் ஏற்பாடு செய்தார்கள். கறுப்பினப் பிள்ளைகளில் சிலர் சொந்தக்காரர் வீடுகளுக்கு வெளியூர் போனார்கள், பலர் படிப்பையே விட்டார்கள். ஏழு வயதில் எழுத்துக் கற்க வேண்டிய குழந்தை பன்னிரண்டு வயதில் முதல் முறையாக வகுப்பில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அந்த இடைவெளியை அப்புறம் யாராலும் முழுதாக நிரப்ப முடியாது.

பள்ளிகளை இணைத்தபோது இன்னொரு அநியாயம் நடந்தது, யாரும் அதிகம் பேசுவதில்லை. மூடியது பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளை. அங்கே வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். 43 டாலரில் பள்ளி நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

மஞ்சணத்தி:

பொன்னி அக்கா சொன்னதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்த இழையில் இதுவரை கறுப்பின மக்கள் அதிகமும் அடிபட்டவர்களாகவே வருகிறார்கள். மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பு ஏதோ 1955இல் திடீரென்று ரோசா பார்க்ஸ் களைப்பில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க மறுத்ததால் வந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். 1900க்கும் 1906க்கும் நடுவில் தெற்கில் 25க்கு மேற்பட்ட நகரங்களில் டிராம் வண்டிகளைக் கறுப்பர் புறக்கணித்திருக்கிறார்கள், வாக்குரிமை பறிபோன அதே வருடங்களில், மாதக்கணக்கில் நடந்தே வேலைக்குப் போனார்கள். மான்ட்கோமரியிலேயே ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு 15 வயது கிளாடெட் கோல்வின் எழுந்திருக்க மறுத்துக் கைதானாள். 381 நாள் புறக்கணிப்பை முடித்துவைத்த வழக்கில் வாதி அவள்தான், இன்னும் மூன்று பெண்களோடு.

கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸையும் விட முடியாது. 1892இல் மெம்ஃபிஸில் மூன்று கறுப்பர் நடத்திய மளிகைக் கடை பக்கத்து வெள்ளையர் கடைக்குப் போட்டியாக வந்தது, மூவரையும் சிறையிலிருந்து இழுத்துப் போய்க் கொன்றார்கள். அதில் ஒருவர் அவருடைய நெருங்கிய நண்பர். அதற்குப் பிறகு ஒவ்வொரு கும்பல் கொலையாக விசாரித்துப் பெயர், ஊர், சொன்ன காரணம், உண்மைக் காரணம் என்று அச்சில் போட்டார். அவர் பத்திரிகை அலுவலகத்தை நொறுக்கினார்கள், ஊருக்குத் திரும்ப முடியவில்லை, நிறுத்தவில்லை. கொள்ளிடம் அண்ணா சொன்ன அந்த 12 பேரைப் பார்க்க ஆர்கன்சா சிறைக்கும் போனார்.

கொள்ளிடம்:

நம் பக்கத்திலும் இதைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு. ஜோதிராவ் பூலே 1873இல் எழுதிய குலாம்கிரி என்ற நூலை அடிமைகளை விடுவித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அதே வருடம் கோல்ஃபாக்ஸில் என்ன நடந்தது என்று வடகாற்று மேலே எழுதியிருக்கிறார். 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பினத்தவர் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் கேட்டார், தீண்டப்படாத மக்களுக்காக அதே வழியில் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார்.

செங்கரும்பு:

மனமா சட்டமா என்ற என் கேள்விக்கு ஒரு எண்ணிக்கை கிடைத்தது, போட்டுவிடுகிறேன். மிசிசிப்பியில் வாக்குரிமைச் சட்டத்துக்கு முன் தகுதியுள்ள கறுப்பரில் பதிவு செய்திருந்தவர்கள் 7 சதவீதத்துக்கும் குறைவு, 1967இல் கிட்டத்தட்ட 60 சதவீதம். இரண்டு வருடத்தில் மிசிசிப்பி வெள்ளையர் மனம் மாறியிருக்க வாய்ப்பில்லை, கூட்டாட்சி அதிகாரிகள் வந்து உட்கார்ந்து பதிவு செய்தார்கள். ஆனாலும் என் கேள்வியின் இன்னொரு பாதி அப்படியே நிற்கிறது. 2013இல் ஷெல்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பகுதியை, மாநிலங்கள் தேர்தல் விதியை மாற்றும் முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்ற பகுதியைச் செயலிழக்கச் செய்துவிட்டது. சட்டத்தால் வந்தது சட்டத்தாலேயே போகும் என்றால் அதைக் காப்பது யார்?

வடகாற்று:

நியாயமான கேள்வி, அதற்குத் தனி இழை திறக்கலாம், ஷெல்பிக்கு அப்புறம் எந்தெந்த மாநிலம் என்னென்ன மாற்றியது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. தூரதேசி, உங்கள் மனைப் பத்திரத்தில் அந்த நிபந்தனையை நீக்க வழி இருக்கிறதா?

தூரதேசி:

வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. அந்த நிபந்தனை செல்லாது என்று ஒரு படிவத்தைக் கவுன்டி பதிவு அலுவலகத்தில் கொடுத்தால் ஆவணத்தோடு சேர்த்துவிடுவார்கள். நான் கொடுக்கப் போகிறேன். ஆனால் பழைய வாசகமும் ஆவணக் காப்பில் அப்படியே படிக்கும்படி இருக்க வேண்டும், அடுத்து இந்த வீட்டை வாங்குகிறவருக்கும் தெரியட்டும். மினசோட்டாவில் 2019இலிருந்து இதே போல ஒரு சட்டம் உண்டு. அங்கே இருப்பவர்கள் உங்கள் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள், 1910க்கும் 1950க்கும் நடுவில் பிரித்த மனை என்றால் அநேகமாக இருக்கும்.